ஒலிபெருக்கியை நிறுத்திய தம்பிக்கும் எங்களைத் தாங்கிய எல்லோருக்கும்

அன்புள்ள அம்பாறைக் கரையோரத்துக் காரைதீவு, மாளிகைக்காடு, மாவடிப்பள்ளி உறவுகளுக்கு,

மகன் நேற்று யாருடைய கையையும் பிடிக்காமல் முற்றம் வரை நடந்தான். அந்தச் சந்தோசம் நெஞ்சில் சூடாக இருக்கும்போதே இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். சித்திரையில் எங்கள் வீட்டுக்கு வந்த துன்பம் ஊருக்கே தெரியும். அதை மறுபடியும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இரத்தம் தேவை என்று சொன்ன ஒரு மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலை வாசலில் வந்து நின்ற இளைஞர்கள், இரவு பகல் பாராமல் பிள்ளையைக் கவனித்த வைத்தியர்கள், தாதியர், முறை வைத்துச் சோறும் கஞ்சியும் கொண்டுவந்த எங்கள் ஒழுங்கைப் பெண்கள், நான் வராத நாட்களில் முன்பள்ளியைத் தாங்களே நடத்திய பெற்றோர், எங்கள் வட்டாரத்துக் கூட்டத்தையே கைவிட்டுவிட்டு வந்து எங்களோடு இருந்த என் கட்சிக்காரர்கள், வாக்களிப்பு நாளன்று வரிசையில் எனக்கு இடம் விட்டு, "நீங்க போட்டிட்டு வீட்ட ஓடுங்க" என்று அனுப்பிவைத்த முகம் தெரியாத அம்மா, இவர்கள் எல்லோருக்கும் என் குடும்பத்தின் நன்றி. ஒவ்வொருவரையும் வீடு தேடி வந்து கண்டு சொல்வேன். ஆனாலும் இந்த மடலில் பெரிய இடத்தை நான் ஒருவருக்காகவே ஒதுக்கியிருக்கிறேன். அவர் செய்த காரியம் சின்னது. அதைக் கண்ணால் கண்டவர்களும் எங்கள் ஒழுங்கையில் நாலைந்து பேர்தான்.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தது தேர்தலுக்கு முந்திய வாரம். தலையில் காயம் ஆறும்வரை வெளிச்சமும் சத்தமும் ஆகாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். வெளிச்சத்தைச் சேலை கட்டி மறைத்துவிடலாம். தேர்தல் வாரத்தில் சத்தத்தை எதைக் கட்டி மறைப்பது? 2018 பெப்ரவரி 10 க்குப் பிறகு உள்ளூராட்சித் தேர்தலையே காணாத மக்கள் நாங்கள். 2023 மார்ச் 9 என்று நாள் குறித்து, பணம் இல்லை என்று தள்ளிப்போட்டு, அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 இல் தீர்ப்புச் சொல்லி, கடைசியில் 2025 மே 6 அன்று 339 சபைகளுக்கும் ஒரே நாளில் வாக்களிப்பு என்று வந்தபோது, ஏழு வருடமாக அடக்கி வைத்திருந்த குரல்கள் எல்லாம் ஒன்றாக வெளியே வந்தன. பிரசாரம் மே 3 நள்ளிரவோடு முடிய வேண்டும் என்பதால் கடைசி நான்கு நாட்களும் வண்டிக்குப் பின்னால் வண்டியாக வந்துகொண்டே இருந்தன. அதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. வட்டாரத்தில் நேரடியாக நிற்காமல், கட்சி பெறும் வாக்குக்கு ஏற்பச் சபைக்குப் போகிறவர்களின் பட்டியலான எங்கள் கட்சியின் மேலதிகப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. அந்தச் சத்தத்தில் ஒரு பங்கு என்னுடையதும்தான்.

புதன்கிழமை பின்னேரம் சந்திப் பக்கமிருந்து பாட்டும் கோஷமுமாக ஒரு வண்டி வருவது கேட்டது. மகன் போர்வையைப் பல்லால் கடித்துக்கொண்டான். மறித்துக் காலில் விழுந்தாவது கேட்போம் என்று நான் படலைக்கு ஓடினேன். நான் படலையைத் திறக்கும்போதே சத்தம் நின்றுவிட்டது. அடுத்த கணம் எஞ்சினும் நின்றது. முடக்கில் ஒரு முச்சக்கரவண்டி, கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள், முன்னால் எங்களை எதிர்த்து நின்ற கட்சியின் கொடி. ஓட்டிவந்த தம்பி இறங்கி, ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, தோளை வண்டியின் சட்டத்தில் கொடுத்துத் தள்ளத் தொடங்கினார். எங்கள் ஒழுங்கை கடற்கரை மணல். சைக்கிளையே இறங்கித்தான் உருட்ட வேண்டும். முன் சில்லு புதைய, அவர் செருப்பைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டு, வெறுங்காலை மணலில் ஊன்றித் தள்ளினார். தொப்பியின் ஓரமெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. எங்கள் வேலியைக் கடக்கும்போது அவர் எங்கள் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த முடக்கைத் தாண்டிய பிறகு எஞ்சின் இயங்கும் சத்தம் மெல்லக் கேட்டது. பாட்டு தொடங்கியது அதற்கும் வெகுதூரம் போன பின்னர்தான்.

வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாளும், காலையில் ஒருமுறை பின்னேரம் ஒருமுறை, இப்படியே தள்ளிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை பார்த்தால் மற்றக் கட்சி வண்டிகளும் முடக்கில் வாயை மூடிக்கொண்டு கடந்தன. பிறகுதான் தெரிந்தது, வேம்படியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையை வைத்து, "நோயாளிப் பிள்ளை இருக்குது, சத்தம் வேண்டாம்" என்று அட்டையில் எழுதிக் கட்டியிருக்கிறார். அதைக் கட்டியவர் எதிர்க்கட்சியின் வண்டிக்காரர் என்று தெரிந்தும் எங்கள் ஆட்கள் அதைக் கழற்றவில்லை. அதற்காக அவர்களுக்கும் நன்றி.

தேர்தல் முடிந்த பிறகு விசாரித்து, நானும் கணவரும் மாளிகைக்காட்டில் அவருடைய வீட்டுக்குப் போனோம். அவருடைய உம்மா எங்களை இருத்தித் தேநீர் தந்தார். வண்டியைத் தள்ளினால் நாளொன்றுக்கு எத்தனை ஒழுங்கை குறையும், ஏற்பாடு செய்தவர்கள் கேட்கவில்லையா என்று கணவர் கேட்டார். "கேட்டாங்க. பிள்ளைக்குச் சுகமில்லண்டு சொன்னன், அவங்களும் சரிண்டுட்டாங்க" என்றார் தம்பி. பத்திரிகைக்கு எழுதவா என்று நான் கேட்டதற்கு, "என்ட பேர மட்டும் போட்டுராதீங்க டீச்சர். சத்தத்த நிப்பாட்டினதுக்கெல்லாம் ஆரும் கடிதம் எழுதுவாங்களா?" என்று கூச்சப்பட்டார். பெயரை எழுதவில்லை, தம்பி. ஆனால் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

எங்கள் கரையோரத்தில் தேர்தல் என்றால் என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரே பிரதேச சபைக்குள் தமிழ் வட்டாரமும் முஸ்லிம் வட்டாரமும் அடுத்தடுத்து இருக்கின்றன. எந்தக் கட்சிக்கும் பாதிக்கு மேல் கிடைக்காத சபைகளில் தவிசாளர் யார் என்பது உறுப்பினர்கள் கூடி வாக்களிக்கும் நாளில்தான் தெரியவரும். அதனால் கதை வாக்கெண்ணுதலோடு முடிவதில்லை. யார் யாரோடு சேர்ந்தார்கள் என்ற பேச்சு தேநீர்க் கடைகளில் மாதக் கணக்கில் ஓடும், பல நேரம் அது இனத்தின் பெயரிலேயே ஓடும். 1985 இலும் 1990 இலும் தமிழர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த வன்முறையைப் பார்த்த தலைமுறை இரண்டு பக்கமும் இன்னும் இருக்கிறது. அவர்களின் பயத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். என் மாமியாரும் அவர்களில் ஒருவர். ஆனால் அந்தப் புதன்கிழமை அவரும் படலையில் என் பக்கத்தில் நின்று பார்த்தார். வண்டி முடக்கைக் கடந்ததும் உள்ளே போய், குடத்தில் தண்ணீர் மொண்டு வேலியோரம் வைத்துவிட்டு வந்தார், அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது குடிக்கட்டும் என்று. மேடையில் நின்று "நல்லிணக்கம்" என்று நான் எத்தனையோ தரம் பேசியிருக்கிறேன். என் பேச்சைக் கேட்டு அவர் ஒருநாளும் ஒரு செம்புத் தண்ணீர் வைத்ததில்லை.

சபைக்கு என் பெயர் போகவில்லை. பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டத்தின் பயனாக எங்கள் பட்டியலில் இருந்த இன்னொரு சகோதரி போயிருக்கிறார், அவருக்கு என் வாழ்த்துக்கள். 2018 க்கு முன்னர் நாட்டின் உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு இரண்டு பெண்கள்கூட இருந்ததில்லை என்பதை நினைத்தால் இதுவே எனக்குப் போதும். அவரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன்: பிரசார வண்டிகள் வைத்தியசாலையையும் நோயாளிகள் இருக்கும் வீடுகளையும் சத்தமில்லாமல் கடக்க வேண்டும் என்று எல்லாக் கட்சி உறுப்பினர்களையும் பேசி ஒரு உடன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். 2025 ஜூன் 2 இல் புதிய சபைகளின் பதவிக்காலம் தொடங்கியது. அவர் தொடங்குகிறாரா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

நானும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வழக்கினால் கல்முனை மாநகர சபைக்கு மட்டும் இம்முறை தேர்தல் நடக்கவில்லை. என்றாவது ஒருநாள் நடக்கும். மாநகர முதல்வர் பதவி யாருக்கு என்ற போட்டியில் அன்றைக்கு வரப்போகும் சத்தம் இதைவிடப் பல மடங்கு இருக்கும். எங்கள் கட்சியின் வண்டி எந்த ஒழுங்கைக்குள் போனாலும் அதில் நானும் ஏறுவேன். நோயாளி இருக்கும் வீட்டை முதல்நாளே விசாரித்து வைத்து, முடக்கில் ஒலிபெருக்கியை நிறுத்துவேன். தள்ள வேண்டி வந்தால் இறங்கித் தள்ளுவேன்.

வருகிற வாரம் பிள்ளையைக் கல்முனைக்குக் கிளினிக் கொண்டுபோக வேண்டும். அந்தத் தம்பியின் முச்சக்கரவண்டியைத்தான் கேட்டிருக்கிறோம். கூலி வாங்க மாட்டேன் என்று நின்றார். வாங்காவிட்டால் ஏற மாட்டோம் என்று என் கணவர் சொன்ன பிறகு, பாதிக் கூலிக்குச் சம்மதித்திருக்கிறார்.

இப்படிக்கு,
நன்றியுடன் ஒரு தாய்,
காரைதீவு