வாள் ஸ்ராண்டுக்கு வடிவு பாக்கமுதல் அடியைப் பாருங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இப்ப கொஞ்சக் காலமா எங்கட பக்கத்துச் சனசமூக நிலையங்கள் சிலதில, கழகங்களில, பழஞ்சாமான் வைக்கிறதுக்கெண்டு ஒரு மூலையை ஒதுக்கத் தொடங்கியிருக்கினம். நல்ல விசயம்தான், கூத்துப் பழக்கிற அண்ணாவிமாற்ற வீட்டுப் பரணில கிடந்த கூத்து வாள், ஈட்டி, தண்டாயுதம், சிலம்பத் தடி எல்லாம் ஒருமாதிரி வெளிச்சத்துக்கு வருது. பாசையூர், குருநகர், மாதகல் பக்கம் கூத்துப் பாத்து வளந்த ஆக்களுக்கு உதுகளைக் கண்டாலே மத்தளச் சத்தம் காதில கேக்கும். ஆனா உதுகளை நிப்பாட்டி வைக்கிற ஸ்ராண்டைப் பாத்தாத்தான் எனக்குப் பத்திக்கொண்டு வருது.

ஒரு இடத்தில பாத்தன், மினுங்குற குழாயில செய்த மூண்டு கால் ஸ்ராண்ட், ஆளுயரம், மாபிள் நிலத்தில நிக்குது, அதில ஒரு ஈட்டியும் ரெண்டு இரும்பு வாளும் நுனி கீழ, பிடி மேல எண்டு செருகியிருக்கு, பக்கத்தில சின்னப் பிள்ளையள் பேப்பர் வாசிக்கிற வாங்கு. காத்தாடியைக் கூட்டிவிட்டா ஈட்டியில கட்டின குஞ்சம் ஆடுது, குஞ்சத்தோட சேந்து ஸ்ராண்டும் ஆடுது. கேட்டா, கடைக்காரர் "வெளிநாட்டு மொடல், நல்லா ஓடுது" எண்டு சொல்லித்தான் தந்தவராம்.

வாளின்ர பாரம் பிடிப்பக்கம்தான் கூட, அப்ப நுனியைக் கீழ விட்டு நிப்பாட்டினா பாரம் முழுக்க மேல போய் நிக்கும். ஒரு கணக்குச் சொல்லுறன். சாமானோட சேத்து ஸ்ராண்டின்ர பார மையம் நிலத்தில இருந்து 32 இஞ்சியில நிக்குது, அடித்தட்டின்ர நடுவில இருந்து விளிம்புக்கு 8 இஞ்சிதான் எண்டு வையுங்கோ, அது 14 பாகை சரிஞ்சாலே போதும், பிறகு தானா விழும். ஒரு பிள்ளை பிடிச்சு இழுத்தா 14 பாகை எல்லாம் ஒரு விசயமே இல்லை. அதே உயரத்துக்கு விளிம்பை 16 இஞ்சியாக்கினா 26 பாகை வரைக்கும் தாங்கும். இதுக்கு எஞ்சினியர் தேவையில்லை, அளவு ரேப் இருந்தாக் காணும். மூண்டு காலில இன்னொரு கரைச்சல், ரெண்டு காலுக்கு நடுவில விளிம்பு இன்னும் கிட்ட வந்திடும், அந்தப் பக்கம்தான் முதல்ல சரியும்.

அதைவிட, அடி பாரமா இருக்கோணும். ரெண்டடி நீளம் ஒண்டரையடி அகலம் ரெண்டு இஞ்சி தடிப்பில ஒரு கொங்கிறீற் பலகை வாத்தா 30 கிலோவுக்கு மேல வரும், நல்லாக் காயவிட்டு அதை மரப்பெட்டிக்குள்ள மறைச்சு வைச்சா ஆருக்குத் தெரியப்போகுது. சில பேர் பெட்டிக்குள்ள மண் போடுவினம், போடுங்கோ, ஆனா கடற்கரை மண் வேண்டாம், உப்பு ஈரத்தை இழுக்கும், மேல இரும்பு கிடக்கு.

கறள்தான் இஞ்ச பெரிய எதிரி. சோழகம் வீசினாலும் கடக்காத்து, வாடை வந்தால் மழையும் ஈரமும், இரும்பை வெறுமனே விட்டா கார்த்திகை முடிய அலகில செம்புள்ளி விழும். அதால வாளைத் தோல் உறைக்குள்ள செருகி மாசக்கணக்கா விடுறது கூடாது, தோல் ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். உறையைப் பக்கத்தில வையுங்கோ, அலகைத் தனிய வையுங்கோ. வெறுங்கையால அலகைத் தொட்டா வேர்வை உப்பு விரலடையாளத்திலயே கறளாப் பிடிக்கும், சீலைத்துண்டால பிடிக்கோணும். தேங்காயெண்ணெய் பூசுற ஆக்கள் இருக்கினம், அது நாள்போகப் பிசின் மாதிரிப் போய் தூசியையும் சேக்கும். தையல் மெசினுக்கு விடுற எண்ணெய் மெல்லிசாப் பூசித் துடைச்சாக் காணும். ஸ்ராண்டில வாள் முட்டுற இடத்துக்கு றபர் ஒட்டுறதும் சரியில்லை, றபரில கந்தகம் இருக்கு, பித்தளைப் பிடி கறுத்துப் போகும். வெள்ளைப் பருத்தித் துணி சுத்தினாலே வடிவுதான்.

வாளைப் படுக்க வைக்கிறதோ நிப்பாட்டுறதோ எண்டு கேட்டா, நான் படுக்க வைக்கிற பக்கம்தான். ஜப்பான்காரர் தங்கட கட்டானா வாளைக் கூர்ப்பக்கம் மேல பாக்கப் படுக்கையாத்தான் வைக்கிறவை, இடுப்பில செருகிறதும் அப்படித்தான். எங்கட கூத்து வாள் கனக்க மரமும் தகரமும்தானே, அதுக்குக் கூர் எந்தப் பக்கம் எண்டு ஆரும் சண்டைக்கு வரமாட்டினம். கட்டாயம் நிப்பாட்டத்தான் வேணுமெண்டா நுனியில பாரம் விழவிடாதேங்கோ, பிடிக்குக் கீழ இருக்கிற குறுக்குத் தகட்டில தொங்கிற மாதிரி ஒரு வெட்டு வெட்டி, நுனி நிலத்துக்கு ஒரு இஞ்சி மேல நிக்கட்டும்.

சிலம்பத் தடியைச் சுவரில சாத்திவைக்கிற பழக்கத்தை முதல்ல விடோணும், மூங்கிலும் பிரம்பும் அப்படியே வளைஞ்சுபோம். ஆறடித் தடி எண்டா ரெண்டு முனையில இருந்தும் ஒண்டேகாலடி உள்ளுக்கு ரெண்டு தாங்கி குடுத்துப் படுக்க வைச்சா நேரா நிக்கும். ஈட்டி, வேல் மாதிரி ஆளுயரத்துக்கு மேல போற சாமானுக்குத் தனி ஸ்ராண்டே வேண்டாம் எண்டுதான் சொல்லுவன், அடிக்கு ஒரு குழி வைச்ச கட்டை, நெஞ்சுயரத்தில சுவரோட ஒரு பட்டி, அவ்வளவுதான்.

இன்னொண்டு, வாள் எண்டாலே இப்ப யாழ்ப்பாணத்தில சனம் ஒரு மாதிரிப் பாக்குது, வாள்வெட்டுச் செய்தி வந்து வந்து அப்படியாப் போச்சு. அதால உண்மையான அலகு உள்ள வாள் எண்டா, வைக்கமுதல் பொலிசிலயும் கிராம சேவகரிட்டயும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு, படமும் எடுத்துப் பதிஞ்சு வைக்கிறது புத்தி. ஸ்ராண்டுக்குக் குறுக்கால ஒரு கம்பி விட்டு ஆமைப்பூட்டுப் போடலாம், வடிவு கெட்டுப்போம் எண்டு சில நிர்வாகத்தார் சொல்லுவினம், கெடட்டும். நல்லூர் முத்திரைச்சந்தியில யாழ்ப்பாண ராசா சங்கிலியன்ர சிலை வாளோட நிக்குது, அது ஆளுக்கு எட்டாத உயரம், எங்கட வாசிகசாலை அப்படியில்லையே.

மரம் எண்டா பனைதான் எனக்கு விருப்பம், பாரமும் கிடக்கு, உறுதியும் கிடக்கு, பழைய வீடு பிரிக்கிற இடத்தில வளை, சிலாகை வாங்கலாம், புதுசா மரம் தறிக்கத் தேவையில்லை. சிலாம்பு ஏறும், நல்லாச் சீவித் தேய்க்கோணும். கடை ஸ்ராண்டுக்குக் குடுக்கிற காசில ஊர்த் தச்சரிட்டைச் சொல்லிச் செய்விக்கலாம், சாமானைக் கொண்டுபோய் அவற்ற முன்னால வைச்சு அளவெடுப்பிச்சா அந்த அந்த வாளுக்கே பொருந்தும்.

உங்கட ஞாயிறு பேப்பரில அப்படி ஒரு தச்சரிட்டைக் கேட்டு, அடித்தட்டு அளவு, தாங்கி இடைவெளி எல்லாம் போட்டு ஒரு படம் கீறி விட்டா, வெட்டி நோட்டீஸ் போட்டில ஒட்ட நாங்கள் கன பேர் இருக்கிறம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொக்குவில்.