தற்காலிக அட்டை வாங்கியவர்கள் தேர்தல் முடிந்ததும் எங்கே போகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் வாக்குச்சாவடியில் அடையாள அட்டை கேட்பது தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குச் செய்யும் அநியாயம், கிராம சேவகர் "ஆளை எனக்குத் தெரியும்" என்று சொன்னால் போதாதா என்று ஒரு பேச்சு நம் பக்கத்தில் அடிக்கடி கிளம்புகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்கட்டும், கட்டாயம் கேட்கட்டும். லயத்துப் பிள்ளைகள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள், நிறையப் பேர் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள், பெயர் மட்டும் தோட்டத்து வாக்காளர் இடாப்பில் கிடக்கிறது, அந்தப் பெயருக்கு வேறு யாரோ போட்டுவிட்டு வந்த கதைகளை என் வயதுக்காரர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அடையாளத்தைக் காட்டித்தான் வாக்குப் போட வேண்டும் என்று 2004இல் சட்டம் வந்தது நல்லதுதான். 1948இல் குடியுரிமையும் அடுத்த வருடமே வாக்குரிமையும் பறிபோய், 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வரை அதன் மிச்சத்தைத் தீர்த்துக்கொண்டிருந்த மலையகச் சனம் நாங்கள். எங்கள் வாக்கை இன்னொருவன் போட்டுவிட்டுப் போக விடலாமா?

என் கோபம் வேறு இடத்தில். தேசிய அடையாள அட்டை இல்லாதவர்களுக்குத் தேர்தல் ஆணைக்குழு தற்காலிக அட்டை கொடுக்கிறது, கிராம சேவகரிடம் படத்தோடு விண்ணப்பிக்க வேண்டும், தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பே அந்த வாசலும் மூடிவிடும். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றம், 2025 மே மாதம் உள்ளூராட்சி, எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல் வந்தது. அந்த நேரத்தில் கட்சிக்காரர்களும் தொழிற்சங்கக்காரர்களும் ஓடி ஓடி உதவினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அட்டை வாக்குப் போட மட்டும்தான். வங்கிக்கு உதவாது, சேமலாப நிதி எடுக்க உதவாது, அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணப் படிவத்துக்கும் உதவாது. வாக்கு எண்ணி முடிந்ததும் அந்த ஆளுக்கு உண்மையான அட்டை எடுத்துக் கொடுக்க ஒருவரும் வருவதில்லை.

சரி, போய் எடுக்க வேண்டியதுதானே, சோம்பேறித்தனம் என்று டவுனில் இருப்பவர்கள் லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் இருந்தால்தானே எடுப்பது? சிலருக்குப் பிறப்பே பதியப்படவில்லை. பதிந்தவர்களில் சிலருக்குத் தோட்டத்துப் புத்தகத்தில் ஒரு பெயர், சான்றிதழில் வேறொரு பெயர், அப்பாவின் பெயர் மூன்றாவது விதமாக. அதைத் திருத்தப் பதிவாளரிடம் ஒரு நாள், விண்ணப்பத்தில் தோட்டத்தை நடத்தும் துரையின் கையெழுத்துக்குத் தோட்ட ஆபீசில் ஒரு நாள், அட்டை கொடுக்கும் ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவுசெய்த ஸ்டூடியோவில்தான் படம் எடுக்க வேண்டும் என்பதால் டவுனுக்கு ஒரு நாள், அப்புறம் பிரதேச செயலகத்துக்கு. மலைக்கு வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் பேர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை, பஸ் காசு வேறு. கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா இதை எத்தனை முறை செய்வார்? இதற்கிடையில் மண்சரிவு வந்து வீட்டோடு எல்லாப் பத்திரத்தையும் கொண்டுபோனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2014இல் மீரியபெத்தையில் நடந்ததையும் 2025 நவம்பரில் டித்வா புயல் செய்ததையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பழைய அட்டையில் ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் 'வி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் வாக்குரிமை உள்ளவர், 'எக்ஸ்' என்றால் இல்லாதவர். எங்கள் ஆட்களில் அந்த ஒரு எழுத்துக்காகக் காத்திருந்தே செத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். இப்போது எழுத்தும் இல்லை, 12 இலக்கம்தான். வாக்குரிமை கையில் இருந்தும் அட்டை இல்லாமல் நிற்பது அதைவிடக் கேவலமாக இருக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. தற்காலிக அட்டை வாங்கிய ஒவ்வொருவரின் பெயரும் விலாசமும் கிராம சேவகரிடமும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலும் இருக்கிறது. யாரிடம் அட்டை இல்லை என்று கண்டுபிடிக்க வீடு வீடாகக் கணக்கெடுப்பு வேண்டாம், அவர்களே வரிசையில் நின்று பெயர் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பட்டியலைத் தேர்தல் முடிந்த கையோடு பிரதேச செயலாளரிடம் கொடுங்கள். பதிவாளர், ஆட்பதிவுத் திணைக்கள உத்தியோகத்தர், ஸ்டூடியோக்காரர், தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர், இவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாக உட்கார வையுங்கள். துரையும் அன்றைக்கு வந்து கையெழுத்துப் போடட்டும். நடமாடும் சேவை என்று இப்போதும் நடத்துகிறார்கள்தான், ஆனால் பாதி நேரம் ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார், பதாகையும் படமும்தான் பெரிதாக இருக்கும்.

இன்னொன்று, முதியோர் அடையாள அட்டையையும் வாக்குச்சாவடியில் ஏற்கிறார்கள் என்பது லயத்துக் கிழவன் கிழவிகள் பலருக்குத் தெரியாது. மத்திய கிழக்குக்குப் போய்வந்த பெண்களிடம் கடவுச்சீட்டு இருக்கிறது, அதுவும் செல்லும், ஆனால் காலாவதியாகியிருக்கக் கூடாது. இதைத் தலைவர்மார் மேடையில் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மாகாண சபைத் தேர்தல் எப்போது வந்தாலும் வரட்டும். 2025 மே மாதத்துப் பட்டியல் அலுவலகத்தில்தான் இருக்கிறது, அதில் எத்தனை பேருக்கு இன்றைக்கு நிரந்தர அட்டை கிடைத்திருக்கிறது என்று நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் அதிகாரிகள் உங்கள் பத்திரிகையிலேயே பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
பொகவந்தலாவை