சன்னலையும் அளக்கட்டும்

ஆசிரியருக்கு,

மழைக்காலத்தில் வீட்டுச் சுவர்களில் பூஞ்சை பிடிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தி, எந்தப் பூச்சு அடிக்கலாம் என்பதோடு நின்றுவிட்டது. ஈரம் வெளியேற வழியில்லாத வீட்டில் எந்தப் பூச்சும் நிலைக்காது. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில், கதவுகள் நீங்கலாக, அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதாவது 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. கடலூரின் புதிய வீடுகளில் இதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்! ஏ.சி. இருக்கிறதே என்பார்கள், ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது.

மஞ்சக்குப்பத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில், ஏ.சி.க்காக வென்டிலேட்டர்களைச் சிமென்ட் பூசி அடைத்திருந்தார்கள். ஐப்பசி பிறந்ததும் பீரோவில் இருந்த பட்டுப்புடவை வரை பூஞ்சை. ஒன்றை உடைத்து எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்திய பிறகே வாடை அடங்கியது. சொத்து வரிக்காகப் புது வீட்டை அளக்க வரும் மாநகராட்சி ஊழியர்கள் சன்னல்களையும் அளந்து, குறைவாக இருந்தால் எழுத்துமூலம் தெரிவிக்கலாம்.

— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்