வாசித்ததும் அழித்துவிடுங்கள் அக்காமாரே

பேரப்பிள்ளைகள் எங்கள் போனைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள், அதனால்தான் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன்.

போன கிழமை எச்.ஐ.வியோடு வாழும் நம் குழுவில் மூன்று பேர், இரவில் வியர்த்து எழும்புவதாகவும், அது முற்றிவிட்டதோ என்ற பயத்தில் விடியும்வரை நித்திரை இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மாதவிடாய் நிற்கும் வயதிலும் அப்படி வியர்க்கும். ஆனால் நாங்களே முடிவெடுக்கக் கூடாது. காய்ச்சலோ மெலிவோ இருந்தால் அடுத்த தவணை வரை பார்த்திருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள்.

பேரனைக் கொஞ்சப் பயந்து தள்ளி நிற்கும் அக்காவுக்கு: கொஞ்சினாலோ ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலோ எச்.ஐ.வி பரவவே பரவாது.

நானும் குளிசைப் போத்தலை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தவள்தான். சுண்டால் அரிசி அள்ளும்போதெல்லாம் அது கிலுங்கும், நெஞ்சும் சேர்ந்து கிலுங்கும். பிறகு மூத்த மகளுக்கு மட்டும் சொன்னேன், இப்போது இரவு 8 மணிக்கு அவளே தண்ணியோடு வந்து நிற்கிறாள். ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்லவில்லை, நம்பிக்கையான ஒருவர் போதும்.

டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி மருந்தை எடுப்பவர்கள் கல்சியம், இரும்புக் குளிசைகளை அதோடு சேர்த்து வெறும் வயிற்றில் விழுங்க வேண்டாம், மருந்தின் வேலை குறையும். நேரத்தைக் கிளினிக்கில் கேளுங்கள்.

சரி, ஞாயிறு பின்னேரம் 4 மணிக்குக் கதைப்போம். முல்லைத்தீவுப் பக்கம் சிக்னல் இழுபட்டால் குரல் பதிவு போடுங்கள், பெயர் சொல்லாமல்.