நடுவில் நிற்பவர் கையில் என்ன இருக்கிறது?

அன்புள்ள மகளே,

உன் கடிதம் வந்தது. போர் நடக்கும் நாடுகளில் மத்தியஸ்தம் செய்பவர்களோடு வேலை பார்க்கப் போகிறாய் என்பதில் மகிழ்ச்சிதான். கவலையும் உண்டு, அது அம்மாவின் பாடு, விடு. ஆனால் மத்தியஸ்தருக்கு முதல் தகுதி நடுநிலை என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரு தரப்பையும் அசைக்க அவர் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

1978 செப்டம்பரில் எகிப்தையும் இஸ்ரேலையும் அமெரிக்க அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டுக்கு அழைத்த ஜிம்மி கார்ட்டர் நடுநிலையாளரா? இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்துவந்த நாட்டின் அதிபர் அவர். அது தெரிந்தேதான் எகிப்து அதிபர் சதாத் வந்தார். இஸ்ரேலை அசைக்க வேறு யாராலும் ஆகாது என்பது அவர் கணக்கு. முதல் சில நாட்களிலேயே சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் முட்டிக்கொண்டார்கள். பிறகு இருவரையும் தனித்தனியே வைத்துக்கொண்டு, ஒரே வரைவை இங்கும் அங்கும் எடுத்துப்போய்த் திருத்தித் திருத்தி எழுதினார்கள் அமெரிக்கர்கள். பதின்மூன்றாம் நாள் எல்லாம் முறிந்துபோகும் நிலை. அப்போது பெகினின் பேரக்குழந்தைகளுக்காகப் புகைப்படங்களில் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டு, கார்ட்டரே கொண்டுபோய்க் கொடுத்தார். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்த பெகின் கலங்கிவிட்டார். இதை எல்லோரும் உருகி உருகிச் சொல்வார்கள். எகிப்துக்குத் திருப்பித்தரும் சினாய்ப் பகுதியில் இஸ்ரேல் விட்டுவரும் விமானத் தளங்களுக்கு ஈடாகப் புதிய தளங்கள் கட்ட அமெரிக்கா உதவியதைச் சொல்பவர்கள் குறைவு. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது.

இலங்கையை எடுத்துக்கொள். நார்வேயின் அனுசரணையில் 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆறு சுற்றுப் பேச்சும் நடந்தது. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சை நிறுத்திவைத்தார்கள். நார்வே பேச்சுக்கும் அனுசரணையாளர், போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவுக்கும் தலைமை. பேச்சு முறியக்கூடாது என்று நினைப்பவரே மீறல்களுக்கும் கணக்கு எழுதினால், எந்தத் தரப்பு நம்பும்? ஆயுதமில்லாத அந்தக் குழுவால் மீறலைப் பதிவு செய்ய முடிந்தது, தடுக்க முடியவில்லை. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ததும், ஒன்றிய நாட்டவர் குழுவில் இருக்கக்கூடாது என்றார்கள் புலிகள். சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாட்டவர் வெளியேறினார்கள். பழி முழுவதையும் நார்வே மேல் போடுவது நியாயமில்லை. போரிலேயே வென்றுவிடலாம் என்ற நம்பிக்கை இரு தரப்பிலும் செத்திருக்கவில்லை. அது சாகாதவரை எந்த மத்தியஸ்தரும் தேநீர் பரிமாறுபவர்தான்.

இந்தோனேசியாவிலிருந்து பிரிய கிளர்ச்சி நடந்த ஆச்சேயில் நடந்தது வேறு. 2004 டிசம்பர் சுனாமி இரண்டு இடங்களையும்தான் அடித்தது. (சுனாமியே சமாதானம் கொண்டுவந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே. இலங்கையில் அரசும் புலிகளும் சேர்ந்து நிவாரணம் கொடுப்பதற்கான பொதுக்கட்டமைப்பைக்கூட நீதிமன்றம் நிறுத்திவைத்தது.) ஆச்சேயில் மத்தியஸ்தம் செய்த பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அத்திசாரி, தனிநாடு பற்றிப் பேச்சே இல்லை என்பதில் கறாராக இருந்தார். அது நடுநிலையா? ஆனால் தன்னாட்சியும் ஆச்சேக்கு உள்ளூர்க் கட்சிகளும் கிடைக்க வழி பிறந்தது. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குப் பின்புதான் அசல் வேலை. கிளர்ச்சியாளர்கள் 840 ஆயுதங்களை நான்கு கட்டமாக ஒப்படைக்க, அதற்கு ஈடாக இந்தோனேசியப் படைகளும் கட்டங்கட்டமாக வெளியேறின. ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் அனுப்பிய குழு களத்தில் நின்று சரிபார்த்தது. 2002இல் அங்கே ஒரு தனியார் அமைப்பு செய்துவைத்த ஒப்பந்தம் சில மாதங்களிலேயே உடைந்ததையும் சேர்த்துப் படி.

மொசாம்பிக்கை வைத்து நீ என்னை மடக்கப் பார்ப்பாய், தெரியும். அந்த ஆப்பிரிக்க நாட்டின் அரசுக்கும் கிளர்ச்சி இயக்கத்துக்கும் 1992இல் ரோமில் சமாதானம் செய்துவைத்த சாந்த் எஜீதியோ என்ற கத்தோலிக்க அமைப்பிடம் படையும் இல்லை, பணமும் இல்லை. சரிதான். ஆனால் கையெழுத்தான பிறகு ஆயிரக்கணக்கான ஐ.நா. வீரர்கள் மொசாம்பிக்குக்குப் போனார்கள்; கிளர்ச்சி இயக்கம் அரசியல் கட்சியாக மாறுவதற்கு ஐ.நா. ஒரு நிதியும் திரட்டியது. அதைப் படித்த பிறகும் உன் எண்ணம் மாறவில்லை என்றால் விரிவாக எழுது, சண்டை போடலாம்.

வேலை எப்போது தொடங்குகிறது என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
அம்மா