மரத்தரைப் பூச்சு: டப்பாவைத் திறக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மரத்தரைக்கு எந்தப் பூச்சு நல்லது என்று தங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரை, எது அதிகம் பளபளக்கும் என்பதோடு நின்றுவிட்டது. பளபளப்பைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். நாளை ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா, அறை முழுவதையும் தேய்த்தெடுக்க வேண்டியிருக்குமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கும் முன்னால் ஒன்று. தரை மங்கிவிட்டது என்றதுமே தேய்க்கும் இயந்திரத்தை வரவழைக்க வேண்டாம். அதிகம் நடமாடும் இடத்தில் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் மரத்தைக் காக்கிறது. ஓரிரு நிமிடங்களில் தண்ணீர் உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால், பூச்சு தேய்ந்து மரம் வெளியே வந்துவிட்டது. முதல் நிலையில் இருக்கும் தரைக்கு 120 அல்லது 150 நம்பர் உப்புத்தாளால் (நம்பர் கூடக்கூடத் தாள் மென்மையானது) மேலாகச் சொரசொரப்பாக்கி, தூசியை எடுத்துவிட்டு, ஒரு கோட் அடித்தாலே போதும். இது ஏன் முக்கியம் என்றால், 19 மி.மீ. தடிப்புள்ள முழுமரப் பலகையிலும் பக்கத்துப் பலகைக்குள் செருகும் பொருத்து நாக்குக்கு மேலே தேய்க்கக் கிடைப்பது ஏறத்தாழ 6 மி.மீ. தான். ஒவ்வொரு முழுத் தேய்ப்பும் அதில் அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை எடுத்துக்கொள்ளும். மேலே மெல்லிய மரத்தகடு ஒட்டிய அடுக்குப் பலகையில் அந்தத் தகடு 2 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், சுழலும் உருளையில் தாள் சுற்றித் தேய்க்கும் டிரம் இயந்திரத்தை அதன்மேல் ஏற்றவே கூடாது.

மெழுகு இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். மினரல் டர்பன்டைன் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்தால், மெழுகு இருக்கும் தரையில் துணி பழுப்பு மஞ்சளாகும். காய்ந்ததும் கெட்டிப் படலமாகும் பாலியூரித்தேன் பூச்சு, அதாவது பி.யு., மெழுகின் மேல் பிடிக்கவே பிடிக்காது. சில வாரங்களில் வெயிலில் கன்றிய தோல் போல உரிந்து வரும். பழைய வீட்டில் பெயின்ட் அடித்த தரை என்றால் ஈயம் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் அதைத் தேய்த்துத் தூசி கிளப்புவது குழந்தைகள் உள்ள வீட்டில் பெரும் ஆபத்து.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது? ஆயில் பேஸ் பி.யு. மரத்துக்குத் தேன் நிறம் தரும், நாளாக நாளாக இன்னும் மஞ்சளாகும். சிவந்த மரத்துக்கு அது அழகு. மேப்பிள் போன்ற வெளிர் மரத்தில் அழுக்காகத் தெரியும். கோட்டுக்கு 8 முதல் 24 மணி நேரம் காய வேண்டும், நெடி கடுமை. வாட்டர் பேஸ் பி.யு. நிறமின்றித் தெளிவாக இருக்கும், 2 முதல் 4 மணி நேரத்தில் அடுத்த கோட்டுக்குத் தயாராகிவிடும். ஹார்டனர் என்னும் இறுகவைக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் இரண்டு பாக வகை, கூடம், சமையலறை போன்ற ஓயாத நடமாட்டத்தையும் தாங்கும். கலந்தது சில மணி நேரத்துக்குத்தான் நிற்கும்; மிச்சத்தை மறுபடி டப்பாவில் ஊற்றினால் முழு டப்பாவும் வீண். இவை எல்லாமே மரத்தின் மேல் படலமாக நிற்பவை. படலம் வலுவானது, ஆனால் ஒட்டுப்போட்டால் ஒட்டு தெரியும்.

எண்ணெயும் மெழுகும் சேர்ந்த ஹார்ட்வாக்ஸ் ஆயில் இதற்கு எதிர் குணம். மரத்துக்குள் இறங்கிவிடும், தொட்டால் மரத்தைத் தொட்டது போலவே இருக்கும். கீறிய இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்து, கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்தால் வேலை முடிந்தது. ஆனால் சிந்திய தண்ணீரை உடனே துடைக்க வேண்டும், தேயும் இடங்களுக்கு அவ்வப்போது எண்ணெய் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பொறுமை உள்ள வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வெறும் ஆளிவிதை எண்ணெயைத் தரைக்குப் பரிந்துரைப்பதை மட்டும் ஏற்க முடியாது: காய்வது மெதுவு, மென்மையாகவே நிற்கும், அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். அரக்குப் பாலிஷில் தண்ணீர் நின்றால் வெள்ளை வளையம் விழும்.

தேக்கு, ஈட்டி போன்ற மரங்களில் இயற்கையாகவே உள்ள எண்ணெய், ஆயில் பேஸ் பி.யு.வைக் காயவிடாது. இரண்டு நாளாகியும் விரலில் பிசுபிசுக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் அதுவே. நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல், ஜன்னல்களைத் திறந்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் முதல் கோட் அடிக்க வேண்டும். இல்லையென்றால் மெழுகு நீக்கிய அரக்கை ஒரு மெல்லிய அடிக்கோட்டாகக் கொடுத்துவிட்டு அதன்மேல் போகலாம்.

பூச்சின் பெயரில் வரும் புகார்களில் பெரும்பகுதி உண்மையில் தேய்ப்பின் குறைகள். 40 நம்பர் உப்புத்தாளில் தொடங்கினால் 60, 80, 100 என்று வரிசையாக வர வேண்டும். 40இலிருந்து நேராக 100க்குத் தாவினால், 40 போட்ட ஆழமான கோடுகளை 100 எடுக்காது, அவற்றின் விளிம்பை மட்டும் மழுக்கும். வெறும் மரத்தில் அது கண்ணுக்குப் படாது. முதல் கோட் ஏறிய நொடியில் ஒவ்வொரு கோடும் எழுந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். சரிவாகப் படும் ஒளியில் நிழல் விழும் கோடு ஒன்றும் தப்பாது. 150 நம்பரைத் தாண்டிப் போகவும் கூடாது. மரம் கண்ணாடி போல வழுவழுப்பாகிவிட்டால் படலத்துக்குப் பிடி கிடைக்காது. டிரம் சுழலும்போது இயந்திரம் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் நின்றாலும் பள்ளம்தான்.

அடிக்கும் நாளில் அறை வெப்பம் 18 முதல் 27 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருந்தால் நல்லது. ஒரு லிட்டர் ஏறத்தாழ 10 முதல் 12 சதுர மீட்டருக்கு வரும். 20 சதுர மீட்டர் அறைக்கு மூன்று கோட் என்றால் 6 லிட்டர் கையில் இருக்கட்டும். டப்பாவைக் குலுக்கக் கூடாது, அடிவரை குச்சி விட்டு மெதுவாகக் கிளற வேண்டும். குலுக்கினால் நுரைக் குமிழி அப்படியே தரையில் காய்ந்து நிற்கும். பளபளப்பு குறைந்த வகைகளில் மங்கவைக்கும் தூள் அடியில் படிந்திருக்கும். கிளறாமல் அடித்தால் ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல்.

சுவரோரத்தைப் பிரஷ்ஷால் முழுக்க அடித்துவிட்டு நடுவுக்கு வருவது பலரும் செய்யும் தவறு. ஓரம் அதற்குள் காய்ந்துவிடும், அறையைச் சுற்றிச் சட்டம் கட்டியது போல ஒரு பட்டை தெரியும். ஒருவர் ஓரத்தை ஓரிரு மீட்டர் அடித்துக்கொண்டே போக, இன்னொருவர் பின்னாலேயே நீண்ட கைப்பிடியுள்ள அகலமான பட்டைப் பூச்சுக்கோலால் நார் ஓட்டத்தின் வழியே இழுத்து வர வேண்டும். ஈர விளிம்பு காய்வதற்குள் அடுத்த இழுப்பு அதைத் தொட வேண்டும். வாசலை நோக்கிப் பின்வாங்கி முடியுங்கள். விட்டுப்போன புள்ளி கண்ணில் பட்டாலும் பாதி காய்ந்த இடத்தில் பிரஷ்ஷை வைக்காதீர்கள், அடுத்த கோட்டில் அது மறையும். ஈரமான பூச்சின் மேல் மின்விசிறி நேராக வீசக் கூடாது. மேல்தோல் மட்டும் முதலில் காய்ந்து சுருங்கும்.

வாட்டர் பேஸின் முதல் கோட்டில் மர நார் முடி போல எழுந்து நிற்கும். பயப்பட வேண்டாம், 220 நம்பர் தாளால் லேசாகத் தடவி எடுத்துவிடலாம். கோட்டுகளுக்கு நடுவே இரும்புக் கம்பளியை மட்டும் தொடாதீர்கள். அதன் துகள் வாட்டர் பேஸுக்குள் மாட்டினால் கறுப்பும் செம்மையுமாகத் துருப் புள்ளிகள் கிளம்பும்.

எண்ணெய் துடைத்த துணிகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததுதான் மிகவும் வருத்தம். ஆளிவிதை எண்ணெய் காயும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சூடு உண்டாகிறது. துணியைக் கசக்கிக் குவித்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், நெருப்பே காட்டாமல் தானாகத் தீப்பிடிக்கும். ஹார்ட்வாக்ஸ் ஆயில் துணிக்கும் இது பொருந்தும். வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த மூடியுள்ள தகர டப்பாவில் அமிழ்த்துங்கள். தேய்க்கும் இயந்திரத்தின் தூசிப் பையையும் இரவு வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

காய்வது வேறு, இறுகுவது வேறு. 24 மணி நேரம் கழித்துக் காலுறையோடு நடக்கலாம். மூன்று நான்கு நாள் கழித்து மேசை நாற்காலிகளைத் தூக்கி வைக்கலாம், இழுக்கக் கூடாது, கால்களுக்கு ஃபெல்ட் ஒட்ட வேண்டும். கம்பளம் விரிப்பதற்கு வாட்டர் பேஸ் என்றால் இரண்டு வாரம், ஆயில் பேஸ் என்றால் ஒரு மாதம் பொறுங்கள். முன்பே மூடினால் கம்பளத்தின் உருவம் தரையில் பதிந்துவிடும்.

கடைசிக் கோட் முடிந்ததும், எந்த வகைப் பூச்சு, எந்தப் பளபளப்பு, எத்தனை கோட், என்ன தேதி என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் கழித்து அந்தத் தரையைத் தொடுபவருக்குச் சொட்டுத் தண்ணீரும் வெள்ளைத் துணியும் சொல்லாததை அந்தத் தாள் சொல்லும்.

இப்படிக்கு,
மரத்தரை வேலை அறிந்த ஒரு வாசகர்