முதல் பேஸில் யார் நிற்பது?

அன்புள்ள முகிலனுக்கு,

உன் பயிற்சிக் கட்டுரையைப் படித்தேன். 2025 மே 2 அன்று அமெரிக்க பேஸ்பால் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸின் முதல் பேஸ்காரர் ட்ரிஸ்டன் கசாஸ், பந்தை அடித்தவர் முதலில் ஓடித் தொட வேண்டிய முனையான முதல் பேஸை நோக்கி ஓடும்போது, இடது முழங்கால் சில்லைப் பிடித்திருக்கும் தசைநாண் அறுந்துபோனது. அவருக்கு அந்த சீசன் அதோடு சரி. அடுத்து யார் என்று நீ எடுத்த எடுப்பிலேயே பெயர்களை அடுக்கிவிட்டாய். ஆளைத் தேடும் முன் ஓட்டையை அளந்து பார்க்க வேண்டாமா?

கசாஸ் இடக்கை பேட்டர். லீகில் பந்து வீசும் பிட்சர்களில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக வலக்கைக்காரர்கள். எதிர்க்கை பிட்சரின் பந்தைத்தான் பேட்டர் பொதுவாக நன்றாக அடிப்பார். ஆகவே நிரப்ப வேண்டியது வலக்கை பிட்சரைச் சமாளிக்கும் ஒரு மட்டையின் இடத்தையும் சேர்த்துத்தான். ரோமி கொன்சாலஸ் வலக்கை பேட்டர், இடக்கை பிட்சர் வந்தால் விளாசுவார். அப்படிப்பட்ட நாள் வாரத்தில் ஒன்றோ இரண்டோ. அவரைத் ‘தீர்வு’ என்று எழுதியிருக்கிறாய். கால்வாசித் தீர்வு என்று திருத்து. ஆப்ரஹாம் டோரோ இரு பக்கமும் ஆடுவார் என்பது உண்மை. ஆனால் அவருடைய முதல் சில வாரத்துச் சராசரியை நம்பி எதையும் கட்டாதே. அறுபது தடவை மட்டை பிடித்தால் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி ஆட்டமிழப்பது) விகிதம் ஓரளவு தெரிந்துவிடும். பேட்டிங் சராசரி நிலைபெற அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வேண்டும்.

“முதல் பேஸில் யாரும் நிற்கலாம்” என்ற வரியை அடித்துவிடு. பந்து தரையில் அடிபட்டதும் முதல் பேஸ்காரர் பேஸுக்கு ஓடி, எறிபவரைப் பார்த்துத் திரும்பி, பந்து எந்தப் பக்கம் விலகுகிறது என்று கண்ட பிறகுதான் காலை நீட்ட வேண்டும். புதிதாக வருபவர் முன்கூட்டியே நீட்டிவிடுவார். கால் பூட்டிக்கொள்ளும், சற்று விலகிய பந்து அவரைத் தாண்டிப் போகும், ஓடுபவர் இரண்டாம் பேஸுக்குப் போய்விடுவார். மூன்றாம் பேஸிலிருந்து வரும் எறி 127 அடி. பல நேரம் காலடியில் குத்தி எழும். அதைக் கையுறையைக் கீழே வைத்து மேல்நோக்கி அள்ள வேண்டும். அள்ளத் தவறினால் பிழை பெரும்பாலும் எறிந்தவர் கணக்கில்தான் ஏறும். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ட்ரெவர் ஸ்டோரியின் பிழைகளை எண்ணும்போது, எதிரே யார் நின்றார் என்றும் பார்.

இரண்டாம் பேஸ்காரரைக் கொண்டுவந்தால் வேறொரு தொல்லை. பழக்கதோஷத்தில் தன் வலப்பக்கம் போகும் பந்தையெல்லாம் துரத்துவார், பேஸ் காலியாகக் கிடக்கும். பிட்சர் ஓடிவந்து மூட வேண்டும். அவர் பேஸை மிதிப்பதற்கு ஓரடி முன்பே பந்து நெஞ்சுயரத்தில் அவர் கைக்குப் போக வேண்டும். இரண்டாம் பேஸ்காரர் கிறிஸ்டியன் கேம்ப்பெல்லை ஆட்டத்துக்கு முன் இதற்காகப் பழக்கினார்கள். அறிமுக வீரர், மட்டையும் சரிந்துகொண்டிருந்த நேரம். அந்தத் தலையில் இன்னொரு மூட்டையா? ஜூனில் அவரை ஊஸ்டரில் உள்ள கீழ்நிலை அணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

இனி ரஃபேல் டெவர்ஸ், மூன்றாம் பேஸிலிருந்து டிஹெச்சாக மாற்றப்பட்டவர். நீ இரண்டே வரியில் கடந்துவிட்டாய், விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஃபேன்கிராஃப்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்தின் கணக்கில், ஒரு வீரரின் மதிப்பில் முழு சீசனுக்கு, மட்டை மட்டும் பிடிக்கும் டிஹெச்சுக்கு 17.5 ரன் கழிப்பார்கள், முதல் பேஸுக்கு 12.5. சராசரியாகக் களம் காத்தாலே 5 ரன், அதாவது பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்ற கணக்கில் அரை வெற்றி மிச்சம். அதோடு தோள் அறுவைசிகிச்சை முடிந்து திரும்பவிருந்த மசடகா யோஷிதாவுக்கு டிஹெச் இடமும் திறக்கும். ஆகவே நிர்வாகி கிரெய்க் பிரெஸ்லோ டெவர்ஸை முதல் பேஸுக்குக் கேட்டது ஆட்டக் கணக்கில் சரியே.

கேட்ட வரிசைதான் கெட்டது. பிப்ரவரியில் அலெக்ஸ் பிரெக்மனை மூன்றாம் பேஸுக்கு எடுத்து, 10 ஆண்டுக்கு 31.35 கோடி டாலர் ஒப்பந்தம் உள்ள டெவர்ஸிடம் கையுறையை மூட்டை கட்டச் சொன்னார்கள். மே மாதம் அதே மனிதரிடம், சீசன் நடுவில், பழகாத இடத்துக்கு வேறு கையுறை மாட்டச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். கசாஸுக்கு நம்பகமான மாற்று இல்லை என்பது ஃபோர்ட் மையர்ஸ் பயிற்சி முகாமிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஆறு வாரம் அங்கே நிதானமாகப் பழக்கியிருக்கலாம். ஜூன் 15 அன்று அவரை சான் பிரான்சிஸ்கோ அணிக்கு அனுப்பினார்கள். ஜூலையில் அங்கே போய் முதல் பேஸில் நின்றார்! ‘முடியாது’ என்பதையும் ‘உங்களுக்காக மாட்டேன்’ என்பதையும் உன் அட்டவணையில் ஒரே கட்டத்தில் போடாதே.

ஆகஸ்டில் வாஷிங்டன் அணி விடுவித்த நதானியல் லோவை எடுத்தது எனக்குப் பிடித்த முடிவு. இடக்கை பேட்டர், 2023-ல் முதல் பேஸில் சிறந்த களக்காப்புக்கான கோல்டு க்ளவ் விருது வாங்கியவர். சம்பளத்தின் பெரும்பகுதி பழைய அணியின் தலையில். ஆகஸ்ட் முடிவதற்குள் சேர்ந்ததால் சீசன் முடிவில் வரும் பிளேஆஃப் சுற்றிலும் ஆடத் தகுதி. அவர் வலக்கை பிட்சருக்கு, கொன்சாலஸ் இடக்கைக்கு. அந்த ஆண்டு லோவின் மட்டை மங்கியிருந்ததால்தான் இவ்வளவு மலிவாகக் கிடைத்தார் என்பதையும் மறைக்காமல் எழுது.

டெவர்ஸ் பகுதியை மட்டும் முதலில் திருத்தி அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா